பாஸான வேனைப் பற்றி மகனுக்கு

மகனே,

நலம் விசாரித்து இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு, கொழும்பில் உன் அறையில் காத்தாடிக்குக் கீழே நிம்மதியாகப் படுத்திருப்பாய். இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். என் வேனில் பள்ளிக்கூடம் போகிற பதினாலு பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். முதலில் அதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி வீட்டிலிருந்து போனில் பேசியபோது எனக்கு வார்த்தையே வரவில்லை. வந்ததெல்லாம் கெட்ட வார்த்தை. உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அதனால் எழுதுகிறேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, இது மூன்றாவது. இதை நீ மட்டும் வாசிக்கப் போவதில்லை. வேறு யார் கேட்கப் போகிறார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் முதலிலிருந்தே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

அந்த வேன் உன்னைவிட ஒரு வயது மூத்தது. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக முப்பத்தைந்து வருஷம் இருந்து வெளியே வந்தபோது பழசாக வாங்கினேன். தோட்டத்தின் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவுமான மேக்கணக்கிலும் பணியக்கணக்கிலும் உள்ள லயத்து வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மஸ்கெலியாவுக்குப் போய் வருகிறேன். வருஷத்துக்கு ஒரு முறை நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் பிட்னஸ் சோதனையில் பாஸாக்கினால்தான் அது ரோட்டில் ஓடலாம். இந்த வருஷம் சோதனைக்கு முன்னால், பின்பக்கம் இடது சக்கரத்துக்கு மேலே, ஸ்பிரிங் பட்டை வந்து அடிச்சட்டமான சேசியைப் பிடிக்கிற இடத்தில் துரு ஏறியிருந்ததைப் பார்த்தேன். ஸ்குரூ டிரைவரை வைத்துக் குத்தினால் பிடிவரைக்கும் உள்ளே போனது. வண்டியின் பின்பாரம் முழுவதும் உட்காருகிற இடம் அது. கண் ஆபரேஷன் செய்திருந்ததால் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று எனக்கு டாக்டர் உத்தரவு. உன்னைக் கூப்பிட்டேன். நீயும் ஒரு வார லீவு போட்டுவிட்டு வந்தாய்.

கோபத்தில் இருக்கிறேன் என்பதற்காக உண்மையை மறைக்க மாட்டேன். முதல் மூன்று நாள் நீ வேலை செய்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. வீட்டு வாசலில் சவுக்குக் கட்டைகளை அடுக்கி வேனைத் தூக்கி நிறுத்தினாய். விடாத தூறலில், சாக்கை விரித்து அதன்மேல் படுத்துக்கொண்டு முன் பிரேக்கைக் கழற்றிப் புதுசு போட்டாய். ஹேண்ட் பிரேக் கேபிளை மாற்றினாய். செத்துக் கிடந்த ஹார்னுக்கு உயிர் கொடுத்தாய். தேத்தண்ணி கொண்டு வந்த உன் அம்மாவிடம், பையனுக்கு என் கை அப்படியே வந்திருக்கிறது என்று பெருமை அடித்துக்கொண்டேன். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மிச்சம் இருந்தது வெல்டிங் வேலை ஒன்றுதான். கிரில் கடையிலிருந்து வெல்டிங் பெட்டியைக் கொண்டுவந்து நம் வீட்டுக் கரண்டில் கொடுத்ததும் லயம் முழுக்க விளக்கு அணைந்து போனது. பக்கத்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்து நம்மைத் திட்டினார்கள். ஜெனரேட்டர் வைத்திருக்கிறவர் வருவதற்கு இரண்டு நாளாகும் என்றார். அதற்குள் நானுஓயாவில் உன் அத்தை புருஷன் தவறிப்போன செய்தி வந்தது, நான் கிளம்பிப் போனேன். போகும்போது உன்னிடம் என்ன சொன்னேன்? துருவைச் சுரண்டு, வெள்ளை இரும்பு தெரிகிறவரைக்கும் வெட்டி எடு, தொழிற்சாலையிலிருந்து நான் கொண்டுவந்து வைத்திருக்கிற தடித்த தகட்டை வைத்துச் சுற்றிலும் பிடிக்கச் சொல், அந்த ஆள் வராவிட்டால் சோதனை நாளைத் தள்ளிப் போடுவோம் என்றேன். சரிப்பா, சரிப்பா என்று தலையாட்டினாய். இரண்டு நாள் கழித்து நான் திரும்பி வந்தபோது வேனின் அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது.

“வெல்டிங் பிடிச்சியாடா?” என்று கேட்டேன்.

“பிடிச்சாச்சுப்பா” என்றாய்.

அந்த இடத்தில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. வெல்டிங் பிடித்த இடம் அப்படி இருக்காது, எத்தனை தேய்த்தாலும் ஒரு வரப்பு கைக்குத் தட்டுப்படும். இந்தக் கைக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் நான் கையை எடுத்துக்கொண்டேன். சாவு வீட்டு அலைச்சல், பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கிவிட்டது, உன் லீவும் முடியப்போகிறது, எப்படியோ வேலை முடிந்ததே என்று என் மனசே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டது. ஒரு சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். நான் தட்டவில்லை. இது என் குற்றம். இதை உன் தலையில் கட்டமாட்டேன்.

நுவரெலியாவில் அந்தப் பரிசோதகர் டார்ச் அடித்துப் பார்த்தார். பிரேக் போடச் சொன்னார், விளக்கு எல்லாம் போடச் சொன்னார். பழைய வண்டியை இவ்வளவு நன்றாக வைத்திருக்கிறீர்களே என்று சிங்களத்தில் என்னைப் பாராட்டினார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏமாற்றியவர்கள் நாம். நான் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டே நின்றேன். நீ எனக்குப் பின்னால் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பி வரும்போது வழியில் நீதான் பூரி வாங்கிக் கொடுத்தாய்.

பதினோரு நாள் ஓட்டினேன். பதினோராம் நாள் காலை, கீழே அணைக்கட்டுத் தண்ணீர் தெரிகிற அந்தப் பெரிய மூன்றாவது வளைவில் இறங்கும்போது பின்னால் டொக் என்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தது. பின் சீட்டுக்குக் கீழே தரைத் தகடு மேலே எழும்பியது. பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிரித்தார்கள். பள்ளத்தில் இறங்கி ஏறியது என்று நினைத்துவிட்டார்கள். நீ கட்டப்போகிற யோகாவின் தம்பி தினேஷ், உனக்கு மைத்துனன் ஆகப்போகிறவன், ஆறாம் வகுப்புப் பிள்ளை, பின் சீட்டில்தான் இருந்தான். “மாமா, இன்னொரு தடவ அதே மாதிரி போங்க” என்றான். மண் மேட்டுப் பக்கமாக ஒடித்து நிறுத்தினேன். நீ மாற்றிய ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வளைவில் நடந்தது முதல் வளைவில் நடந்திருந்தால் மேடு எங்கே, மண் எங்கே? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தண்ணீர்.

பிள்ளைகளை இறக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் பின்னால் நடந்து போனேன். ரோட்டில் கறுப்பாக ஒரு கட்டி கிடந்தது. எடுத்து உடைத்தேன். மேலே பெயிண்ட். அதற்குக் கீழே, பாடியில் நெளிவு எடுத்த இடத்தில் பூசுகிற பட்டி. பட்டி உள்ளே விழாமல் இருக்க மடித்துத் திணித்த பேப்பர். ராசிபலன் பக்கம்! உன் ராசிக்கு என்ன போட்டிருந்தது என்று வாசிக்க முடியவில்லை, துரு ஊறிப் போயிருந்தது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பேப்பரை வைத்து, அதன்மேல் பதினாலு பிள்ளைகளை உட்கார வைத்து, மலையில் ஏறி இறங்க விட்டிருக்கிறாய். அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டேன். நீ பதறவில்லை, பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்கவில்லை. முதல் வார்த்தை என்ன சொன்னாய்?

“அதான் பாஸாயிருச்சுலப்பா” என்றாய்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை எரிச்சலும். பாஸாகிவிட்டதாம். லயத்தில் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது? தோட்டத்துக் கம்பனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்றால் நம் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்களே, எந்தச் சுவருக்கு அடிப்பார்கள்? ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும். பின்சுவர் ஊறி விழுந்து கொண்டிருக்கும், கூரைத் தகரத்தில் ஓட்டை எண்ண முடியாது, கக்கூஸுக்குக் கதவு இருக்காது. கார் வந்து போகும், எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டு போவார்கள். அந்த ஒழுகுகிற ஒற்றை அறைக் காம்பராவில்தான் உன் அம்மா உன்னைப் பெற்றாள். அந்தச் சுண்ணாம்பைப் பார்த்து நான் எத்தனை தடவை காறித் துப்பியிருக்கிறேன், நீயும் என்னோடு சேர்ந்து எத்தனை தடவை ஏசியிருக்கிறாய். மேலே இருக்கிறவர்கள் நமக்குச் செய்ததை நீ நம் பிள்ளைகளுக்கே செய்துவிட்டு, பாஸாயிருச்சு என்கிறாய். அவர்களாவது சுவருக்குத்தான் பூசினார்கள்.

ஆனால் இந்தப் புத்தியை நீ எங்கே படித்தாய் என்று உட்கார்ந்து யோசித்தால் விரல் என் பக்கமே திரும்புகிறது. நாட்டில் சாமான் ஒன்றும் கிடைக்காத அந்த வருஷம், டயரெல்லாம் தேய்ந்து நூல் தெரிந்தது. நீ அப்போது கொழும்புக்குப் போகவில்லை. சோதனைக்குப் போகிற அன்று காலை, மரக்கறி ஏற்றுகிற என் கூட்டாளியின் வேனிலிருந்து நான்கு நல்ல டயரைக் கழற்றி நம் வேனுக்குப் போட்டோம். பாஸானதும் சாயங்காலமே கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய மொட்டை டயரையே மாட்டினோம். அந்த டயரில் மூன்று மாதம் பிள்ளைகளை ஏற்றினேன். அதோடு விட்டேனா? போகிற கல்யாண வீட்டிலெல்லாம், காது குத்து வீட்டிலெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அன்றைக்கு மழையில் ஒரு டயர் வழுக்கியிருந்தால் அந்தக் கதையைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். என்னைப் பார்த்துப் படித்துக்கொண்டாய் என்று நீ சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டு நீ தப்பித்துக்கொள்ளவும் விடமாட்டேன். உனக்கு இருபத்தேழு வயது.

அன்று சாயங்காலம் தேயிலை மலையிலிருந்து எல்லாரும் வேலை விட்டு வந்த பிறகு, பதினாலு பிள்ளைகளின் பெற்றோரையும், வேலை நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா வாசலுக்கு வரச் சொன்னேன். அந்தக் கட்டியைக் கையில் கொடுத்தேன். ஆளுக்கு ஆள் வாங்கிப் பார்த்தார்கள். ஒரு பெண் விரல் விட்டுப் பதினோரு நாளை எண்ணினாள். யார் இதைச் செய்தது என்று கேட்டார்கள். கூட்டத்தில் யோகாவின் அம்மா பாக்கியமும் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த மாதம் முகூர்த்தம், பத்திரிகை அடித்தாயிற்று. நான்தான் பூசினேன் என்று சொன்னேன். அவசரத்தில் புத்தி கெட்டுப்போய் நானே செய்துவிட்டேன் என்றேன். ஒருவரும் கத்தவில்லை. நீங்களா அண்ணே என்று ஒருவர் மட்டும் கேட்டார். அவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை. உன்னைக் காப்பாற்ற அவ்வளவு பேர் முன்னால் பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பிள்ளைகளோடு நானும் குறுக்குப் பாதையில் நடந்தே பெரிய ரோட்டுக்கு இறங்கிப் போய் அவர்களை பஸ் ஏற்றிவிடுகிறேன். பனியில் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, டாக்டர் பார்த்தால் ஏசுவார். யாரும் என்னை வரச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் உட்கார முடியவில்லை. இழுத்துக்கொண்டு வந்த வேன் வாசலில் கட்டை மேல் நிற்கிறது. இன்னும் அதை நான் தொடவில்லை. வேண்டுமென்றேதான் அந்த ஓட்டையை அப்படியே வைத்திருக்கிறேன். வேலை விட்டு வருகிறவர்கள் வந்து குனிந்து, கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இதுவரைக்கும் எழுதியதோடு நின்றிருந்தால், அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம், நாலு நாளில் ஆறிவிடும் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். சோம்பேறித்தனம், அவசரம், அதற்குமேல் உன்மேல் நான் ஒன்றும் சந்தேகப்படவில்லை. மூன்றாம் நாள் பாக்கியம் வந்தாள். மலையிலிருந்து நேரே வந்திருந்தாள், கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணே, நீங்க செஞ்சதா எனக்குத் தோணல” என்றாள். “பாஸான மறுநாள் எல்லாரும் அட்டன் டவுனுக்குத் துணி எடுக்கப் போனோமே, அன்னைக்கு மாப்பிள்ளை என்னையும் யோகாவையும் வேன்ல ஏற விடல. பின் சீட்டு குலுக்கும் அத்தைனு சொல்லி ஆட்டோ புடிச்சு அதுல ஏத்தினாரு. தினேசு ஓடிப்போய் உங்க வேன் பின் சீட்டுல ஏறி உக்காந்தான். அவன மட்டும் அவரு ஒண்ணும் சொல்லலையே அண்ணே.”

அன்றைக்கு ஆட்டோவை நானும்தான் பார்த்தேன். பையன் கட்டிக்கப் போகிறவளோடு தனி வண்டியில் போக ஆசைப்படுகிறான் என்று உன் அம்மாவிடம் சொல்லிக் கேலி செய்தேன். என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். இப்போது விளங்குகிறது. உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடம் தாங்காது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் உனக்கு வேண்டியவளை ஆட்டோவில் ஏற்றினாய். மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உன் அப்பனும் அம்மாவும் முன் சீட்டில் ஏறினோம், அதையும் பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்குக்கூட அது பெரிதில்லை, எங்களுக்கு வயசாகிவிட்டது. அந்தப் பிள்ளை துணிக்கடைக்குப் போகிற சந்தோஷத்தில் ஓடி ஏறினானே, அவன் தோளைப் பிடித்து, நீயும் வாடா ஆட்டோவில் என்று சொல்ல உனக்கு ஒரு வாய் இல்லாமல் போனதே. சோம்பேறியை நான் மன்னிப்பேன், நானும் ஒருவன். இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, மகனே. மூன்று நாளாக யோசிக்கிறேன், தெரியவில்லை.

பாக்கியம் இன்னும் யோகாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது, சொல்லாவிட்டால் மகளை யாரிடம் கொடுக்கிறோம் என்று பயமாக இருக்கிறது என்றாள். “அவரே வந்து அவகிட்ட சொல்லட்டும் அண்ணே. அதுக்கப்புறம் அவ பாடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கல்யாணம் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று உன் அம்மா அழுகிறாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது கேட்ட எதையும் நான் மறுத்ததில்லை. இதை மறுத்துவிட்டேன். நாளைக்கு அந்தப் பெண் உன்னிடம், மருந்து வாங்கினீங்களா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தீங்களா, கதவைப் பூட்டினீங்களா என்று கேட்பாள். ஆச்சு ஆச்சு என்பாய். அவள் உன் சொல்லை நம்பிப் படுத்துத் தூங்க வேண்டும். எப்படிப்பட்டவனின் சொல் என்று தெரிந்துகொண்டு நம்பினால் நம்பட்டும், தெரியாமல் அவள் நம்புவதற்கு நான் துணை போகமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பதினாலு வீட்டாரையும் மறுபடி பிள்ளைக்காம்பரா வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை இரண்டு தரம் எழுதியிருக்கிறேன். ஒன்றை உனக்கு அனுப்புகிறேன். மற்றதை அவர்கள் முன்னால் ஒரு வரி விடாமல் வாசிக்கப் போகிறேன். நான் சொன்ன பொய்யை நான்தான் திருத்த வேண்டும். டயர் கதையையும் வாசிப்பேன், கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததையும் வாசிப்பேன். பாக்கியத்திடம் கேட்டுவிட்டேன், அவள் சொன்னதையும் வாசிக்கலாம் என்றாள். யோகாவும் அங்கே வந்து நிற்பாள். அவள் அதை எல்லார் முன்னாலும் என் வாயால் கேட்கப் போகிறாளா, முந்தின நாள் தன் வீட்டில் உன் வாயால் கேட்கப் போகிறாளா என்பது மட்டும்தான் இப்போது உன் கையில் இருக்கிறது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். உன் அம்மா சோறு வைத்திருப்பாள். நான் உன்னோடு அவர்கள் வீட்டுக்கு வரமாட்டேன், நீ தனியாகத்தான் போக வேண்டும். இந்தக் கல்யாணம் நடக்குமா என்று எனக்குப் போன் போட்டுக் கேட்காதே. அதை அவளிடம் போய்க் கேள்.

அப்பா